கொட்டாய் நெடியும் தழைச்சத்தும்: அமோனியாவைப் பிடித்து வைப்பது எப்படி?

மழைக்குப் படுதாவை இறக்கி மூடிய மாட்டுக் கொட்டாய்க்குள் விடியற்காலையில் நுழைந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறி, கண்ணில் தண்ணீர் வரவைக்கிற நெடிதான் அமோனியா. பழியைச் சாணிமேல் போட்டுவிடுகிறோம். பாவம், சாணிக்கு இதில் பாதிப் பங்குதான். இப்போதுதான் போட்ட சாணியைத் தனியாக அள்ளி மோந்து பாருங்கள், புளித்த புல் வாசம்தான் வரும், கண் கரிக்காது. மாடு அப்போதே விட்ட மூத்திரத்திலும் அந்தக் காரம் இருக்காது. இரண்டும் தரையில் ஒன்றாய்க் கலந்து ஓர் இரவு கிடந்த பிறகுதான் நெடி பிறக்கிறது.

காரணம் இதுதான். மாடு தின்னும் புரதத்தில் இருக்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், முழுவதும் பாலாகவும் சதையாகவும் மாறுவதில்லை. கறவை மாட்டில் ஏறக்குறைய கால் பங்கு பாலுக்குப் போகும். மீதியில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். சாணி வழியாக வருவது செரிக்காத நாரோடும் நுண்ணுயிரோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது மெதுவாக மக்கும், சட்டென்று காற்றில் கலக்காது. மூத்திரத்தில் வருவது பெரும்பாலும் யூரியா. ஆமாம், சொசைட்டியில் மூட்டையாக வாங்குகிறோமே, அதே யூரியாதான். மாட்டின் கல்லீரல் அதைத் தினமும் சும்மா தயாரித்துத் தருகிறது.

யூரியா தானாக உடைந்து அமோனியாவாக ரொம்ப நாள் ஆகும். சீக்கிரம் உடைய வேண்டுமென்றால் யூரியேஸ் என்ற நொதி வேண்டும். அது சாணியில் வாழும் பாக்டீரியாக்களிடம் ஏராளமாக இருக்கிறது. மண்ணிலும் இருக்கிறது, சரியாகக் கழுவாத சிமெண்டுத் தரையிலும் படிந்திருக்கிறது. மூத்திரம் அதில் பட்டதுமே வேலை ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே நெடி கிளம்பும். ஒன்றிரண்டு நாளில் யூரியாவின் பெரும்பகுதி உடைந்து முடிந்திருக்கும். எருக்குழிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், போக வேண்டியதில் பாதி அதற்கு முன்பே போயிருக்கும்.

எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலூர் பக்கம் பொய்கை மாட்டுச் சந்தையில் பிடித்து வந்த ஒரு கலப்பினக் கறவை நாளைக்கு 8 லிட்டர் மூத்திரம் விடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிராம் தழைச்சத்து, இதுவும் குறைத்துத்தான். நாளைக்கு 48 கிராம், வருஷத்துக்கு 17 கிலோவுக்கு மேல். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக ஒரு மாட்டின் ஒரு வருஷ மூத்திரம் சுமார் 38 கிலோ யூரியாவுக்குச் சமம். கடையில் வாங்குகிற 45 கிலோ மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டில் ஐந்து மாடு இருந்தால் நாலு மூட்டை. மேய்ச்சலுக்குப் போகிற மாடு என்றால் பாதி ஏரிக்கரையிலும் ரோட்டிலும் விழுந்துவிடும், அது வேறு விஷயம். கொட்டாயில் விழுந்ததில் பாதி வரைக்கும்கூடக் காற்றோடு போய்விடலாம் என்பதுதான் இங்கே கவலை.

மானிய விலை யூரியா மலிவாகக் கிடைக்கிறதே, இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போகிற அமோனியா சும்மா போவதில்லை. மேலே போய், வண்டிப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் இருந்து உண்டாகும் அமிலங்களோடு சேர்ந்து அமோனியம் சல்பேட், அமோனியம் நைட்ரேட் என்ற நுண்துகள்களாக மாறுகிறது. நுரையீரலுக்குள் ஆழமாகப் போகிற துகள்கள் இவை. அமோனியா வாயுவாக இருந்தால் பக்கத்திலேயே இறங்கிவிடும், துகளாக மாறிவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். இந்தியாவில் 2009-இல் திருத்திய காற்றுத் தர அளவுகளிலும் அமோனியா இருக்கிறது: 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மாடு வைத்திருப்பவர் தலையில் இதையெல்லாம் கட்டுவது சரியில்லை. ஆனால் கொட்டாயிலேயே நாள் முழுக்க நிற்கிற கன்றுக்குட்டிக்கும், விடியற்காலை பால் கறக்க அங்கேயே குந்துகிற ஆளுக்கும் அந்தக் காற்றுதான் மூச்சு. அமோனியா தரையிலிருந்து கிளம்புவதால் படுத்திருக்கிற மாட்டின் மூக்குக்கு அது நம்மைவிட அதிகமாகவே எட்டும். நின்று பார்த்துவிட்டு "ஒண்ணும் நாறலையே" என்று சொல்லாமல், மாட்டின் தலை உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பாருங்கள்.

எப்போது பறக்கும், எப்போது நிற்கும்?

அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அமோனியம். இது உப்பு மாதிரி கரைந்து கிடக்கும், பறக்காது. களிமண்ணும் மக்கிய குப்பையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று அமோனியா வாயு, இதுதான் பறப்பது. எது எவ்வளவு என்பதை பி.எச். என்கிற அமில-கார நிலை தீர்மானிக்கிறது (7 நடுநிலை, அதற்கு மேல் ஏற ஏறக் காரம்). பி.எச். 7-இல் நூற்றுக்கு ஒன்றுகூட வாயுவாக இருக்காது. 9-இல், 25 டிகிரி வெப்பத்தில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாயுவாகிவிடும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. யூரியா உடையும்போதே அந்த இடத்தின் பி.எச். 8, 9 என்று ஏறிவிடுகிறது. தான் பறப்பதற்கான வசதியைத் தானே செய்துகொள்கிறது.

மற்றபடி ஈரத் துணி காய்வதற்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் அமோனியா பறப்பதற்கும் வேண்டும்: வெயில், காற்று, விரித்துப் போட்ட பரப்பு. வெப்பம் 5 டிகிரி ஏறினால் பறக்கும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூரில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் திறந்த வெளியில் பரப்பிய ஈரச் சாணமும் மூத்திரமும், மார்கழியில் இருப்பதைப் போலப் பல மடங்கு வேகத்தில் தழைச்சத்தை விடும்.

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். மூத்திரத்தைச் சாணியோடு அதிக நேரம் சேர விடக் கூடாது, அல்லது உடனே எதிலாவது உறிஞ்ச வைக்க வேண்டும். காரமாக்கும் பொருளை அதில் போடக் கூடாது. நிழலும் மூடியும் வேண்டும். கடைசியில் மண்ணுக்குள் போக வேண்டும்.

தரையும் கூளமும்

சிமெண்டுத் தரை போட்ட கொட்டாய் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வாட்டம். மூன்று அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் இருந்தால் மூத்திரம் நிற்காமல் பின்பக்கக் கால்வாய்க்கு ஓடிவிடும். தரை சொட்டையாகிக் குழி விழுந்திருந்தால் அங்கேதான் மூத்திரம் தேங்கும், அங்கேதான் நெடி. ஒரு சட்டி சிமெண்டுக் கலவை போட்டுக் குழியை அடைப்பது, விலை கொடுத்து வாங்குகிற எந்த மருந்தையும்விட அதிக வேலை செய்யும். கால்வாயின் கடைசியில் ஒரு சின்னத் தொட்டியோ மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மோ இருக்கட்டும். சாணியை அடிக்கடி அள்ளிவிட்டுத் தரையைத் துடைப்பத்தால் தள்ளிக் கழுவினால் நொதியும் கொஞ்சம் போகும்.

மண்தரைக் கொட்டாய்க்குப் பழைய முறைதான் சரி. மாடு தின்னாமல் விட்ட கூளம், கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்), உலர்ந்த இலை, இவற்றோடு கொஞ்சம் காய்ந்த மண் கலந்து சாயங்காலம் மாட்டின் பின்னங்கால் பக்கம் பரப்ப வேண்டும். இரவு விடும் மூத்திரத்தை அது குடித்துவிடும். காலையில் சாணியோடு சேர்த்து வாரிக் குழியில் போடலாம். மண்ணாக ஏரி வண்டல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் இருக்கிற களி அமோனியத்தைப் பிடித்து வைக்கும். குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் தென்னை அதிகம். நார்க்கழிவு கிடைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல உறிஞ்சி கிடையாது, தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை வாங்கும்.

கூளம் ஈரத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. அதில் கரிச்சத்து, அதாவது கார்பன், நிறைய இருக்கிறது. கரிச்சத்து கிடைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். பெருக அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும், எனவே பறக்க இருக்கிற அமோனியத்தைத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கரிக்கும் தழைக்கும் 25 முதல் 30-க்கு ஒன்று என்ற விகிதம் இருந்தால் மக்குவதும் நன்றாக நடக்கும், இழப்பும் குறையும். நார்க்கழிவிலும் கரும்புச் சோகையிலும் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலே. கோழி எருவில் பத்துக்கு ஒன்றைச் சுற்றித்தான். கோழி எருவை மட்டும் தனியாகக் குவித்து வைத்தால் ஏன் ஊரே நாறுகிறது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது.

சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டாம்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நல்லது என்று நினைத்துப் பலரும் செய்கிற காரியம் இது.

அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டுவது பழக்கம். ஈரமான கொட்டாய்த் தரையில் சுண்ணாம்புத் தூள் தூவுவதும் பழக்கம். இரண்டும் காரம். சாம்பலின் பி.எச். 10-க்கும் மேலே போகும், நீற்றிய சுண்ணாம்பு 12-க்கும் மேல். புதுச் சாணமும் மூத்திரமும் கலந்த இடத்தில் இதைப் போட்டால், உப்பாக அடங்கிக் கிடந்த அமோனியமும் வாயுவாகிக் கிளம்பிவிடும். நாற்றத்தைப் போக்கத் தூவியது நாற்றத்தைத் துரத்திவிடுகிறது என்பது உண்மைதான், தழைச்சத்தையும் சேர்த்தே துரத்துகிறது.

இந்த வேதியியலை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது ரொம்பச் சுலபம். பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அங்கே அமோனியம் சல்பேட்டோ அமோனியம் குளோரைடோ போட்டு டிரம்மில் சுற்றுவார்கள். அமோனிய உப்பு சுண்ணாம்போடு சேர்ந்ததும் கிளம்பும் நெடி எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் போதும். கொட்டாயில் சுண்ணாம்பு தூவும்போது நடப்பதும் அதேதான், அளவுதான் சின்னது.

சாம்பல் வீணாக வேண்டாம், அதில் சாம்பல்சத்து இருக்கிறது. தனியாகச் சேர்த்து வாழைக்கும் தென்னைக்கும் போடுங்கள். சுண்ணாம்பு சுவருக்கு அடிக்கட்டும். பிளீச்சிங் பவுடரை மூத்திரம் தேங்கிய கால்வாயில் கொட்டுவது இதைவிட மோசம். அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும், மூடிய கொட்டாயில் அது ஆபத்து.

அப்போது எதைத் தூவுவது? ஜிப்சம். மல்லாட்டை போடுகிறவர் வீட்டில் இது ஏற்கெனவே இருக்கும், 40-45 நாள் பயிருக்கு மண் அணைக்கும்போது போடுகிற அதே ஜிப்சம்தான். மூத்திரத்திலிருந்து உண்டாகும் அமோனியம் கார்பனேட் சுலபமாக உடைந்து பறக்கக்கூடியது. ஜிப்சம் ஈரத்தில் அதோடு சேர்ந்தால் ஒருபக்கம் சுண்ணாம்புக்கல்லும், இன்னொரு பக்கம் அமோனியம் சல்பேட்டும் ஆகும். அமோனியம் சல்பேட் பறக்காது. கடையில் உரமாகவே விற்கிறார்களே, அதுதான். ஈரம் இருக்கும்வரைதான் இந்த மாற்றம் நன்றாக நடக்கும். காய விட்டுவிட்டால் பலன் குறையும். அதனால் தூவிய கூளத்தைச் சீக்கிரம் வாரிக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சூப்பர் பாஸ்பேட்டும் இதே வேலையைச் செய்யும். அது கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, எருவில் மணிச்சத்தையும் கூட்டும். மாடு நக்கும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் மட்டும் அதைப் போடாதீர்கள். கால்வாயிலும் எருக்குழியிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினால் போதும்.

மேடு வேண்டாம், குழி போடுங்கள்

வீட்டு ஓரத்தில், வெயிலும் மழையும் படுகிற இடத்தில், தினமும் கொண்டுபோய்க் கொட்டுகிற குப்பைமேடுதான் ஊரெங்கும். வெயில் நாளில் அமோனியா மேலே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்த சத்து கறுப்புத் தண்ணீராகத் தெருச் சாக்கடைக்குப் போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் நைட்ரேட்டாக அதற்குள்ளும் போகும். வருஷக் கடைசியில் மிஞ்சுவதைத்தான் டிராக்டரில் ஏற்றிக் கழனிக்குக் கொண்டுபோகிறோம். நன்றாக மக்கிய தொழு உரத்திலேயே தழைச்சத்து சராசரியாக அரை சதவீதம்தான். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ கிடைக்கும். கவனிக்காமல் விட்ட மேட்டு எருவில் அந்த அளவும் இருக்காது.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிற பள்ள முறை எளிதானது. 20 முதல் 25 அடி நீளம், 5 முதல் 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு பள்ளம். முழுப் பள்ளத்திலும் பரப்பிக்கொண்டே போகாமல், ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து அந்தப் பகுதியை மட்டும் தினமும் நிரப்ப வேண்டும். தரைக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி ஏறியதும் அதைக் கூம்பாக்கிச் சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். நாலைந்து மாதத்தில் மெழுகிய பகுதி எருவாகிவிடும். பகுதி பகுதியாக நிரப்பச் சொல்வதன் சூட்சுமம் பரப்பைக் குறைப்பதுதான். எந்த நாளிலும் காற்றுக்குத் திறந்திருப்பது ஒரு சின்ன மூலைதான். மண் மெழுகு இருக்கிறதே, அது தப்பிக்கிற அமோனியாவையும் பிடித்துக்கொள்ளும். புங்கன், வேம்பு நிழலில் குழி எடுத்தால் வெப்பமும் குறையும். மழைத் தண்ணீர் உள்ளே ஓடிவராமல் சுற்றிலும் ஒரு வரப்பு போடுங்கள்.

தார்ப்பாய் போட்டு மூடினாலும் சரிதான், மெழுகுகிற வேலை மிச்சம். மக்க வேண்டும் என்று குவியலை வாரம் ஒருமுறை புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புரட்டும்போதெல்லாம் அமோனியா ஒரு மூச்சு வெளியே போகும். முதல் சில வாரம் சூடு அதிகமாக இருக்கும்போது அடிக்கடி புரட்டாமல், கூளத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதே மேல். காற்றே படாமல் மூடினால் மீத்தேன் கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை, இரண்டையும் ஒரே அடியில் ஒழிக்கிற வழி சின்னப் பண்ணையில் கிடையாது.

மீத்தேன் என்றதும் சாண எரிவாயு ஞாபகம் வரும். "எங்க வீட்ல கோபர் கேஸ் இருக்குதுப்பா, எனக்கு இன்னா கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். எரிவாயுக் கலத்துக்குள் மீத்தேனாக வெளியே போவது கரிச்சத்து. தழைச்சத்து உள்ளேயேதான் இருக்கிறது. அதுவும் சாணத்தில் மெதுவாக மக்க இருந்த பங்கில் ஒரு பகுதி உடைந்து அமோனியமாக மாறி வெளியே வருகிறது. கழிவுக் கரைசலின் பி.எச்.-சும் புதுச் சாணத்தைவிடக் கூடுதல். ஆகவே கலத்திலிருந்து வழிகிற கரைசலைத் திறந்த தொட்டியில் விட்டு, வெயிலில் பரப்பிக் காய வைத்துத் தூளாக்கினால், அத்தனை நாள் மூடி வைத்ததன் பலன் ஒரு வாரத்தில் போய்விடும். ஈரமாகவே பாசனத் தண்ணீரோடு கழனிக்கு விடுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த இலை, நார்க்கழிவு நிரப்பிய குழியில் ஊற்றி உறிஞ்ச வைத்து மூடுங்கள்.

கொல்லைக்குப் போன பிறகு

ஆடிப்பட்டத்துக்கு முன்னால், கோடையிலேயே எருவை அடித்துக் கொல்லையில் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டுவிட்டு, மழை வந்து உழும்வரை வாரக்கணக்கில் விட்டுவிடுவது நம் வழக்கம். வண்டி கிடைக்கும்போது அடிக்க வேண்டியிருக்கிறது, புரிகிறது. நன்றாக மக்கிய பழைய எரு என்றால் இதில் பெரிய நஷ்டம் இல்லை, பறக்க வேண்டியது குப்பைமேட்டிலேயே பறந்து முடிந்திருக்கும். பாதி மக்கிய எரு, கோழி எரு, எரிவாயுக் கரைசல் இவற்றுக்குத்தான் அவசரம். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் வழிகாட்டியில் திரவச் சாணக் கரைசலுக்கு ஒரு கணக்கு உண்டு. பரப்பிய உடனே உழுது புதைத்தால் அமோனியா இழப்பு 70 முதல் 90 சதவீதம் குறையும், 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதியைச் சுற்றி, 24 மணி நேரத்துக்குள் என்றால் 30 சதவீதம்தான். இது குளிர் நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் அந்த 4 மணி நேரம்கூட அதிகம்.

ஆகவே சாயங்காலம் பரப்பி, அன்றைக்கே ஓர் உழவு ஓட்டுங்கள். உழ முடியாத தோட்டத்தில் பரப்பியதும் தண்ணீர் கட்டிவிட்டால், கரைந்த அமோனியம் மண்ணுக்குள் இறங்கிவிடும். குவியலாகத்தான் போட வேண்டும் என்றால் பத்துச் சின்னக் குவியலுக்குப் பதில் ஒரு பெரிய குவியல், மேலே தார்ப்பாய்.

ஆட்டுக் கிடை போடுகிற பழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அருமை தெரியும். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணிலேயே இறங்குகிறது, கொட்டாய் இழப்பும் குழி இழப்பும் கிடையாது. ஆனால் கிடை எழுந்த பிறகு நிலத்தை அப்படியே விட்டால் மேல்மண்ணிலிருந்து பறக்கும். மந்தைக்காரர் ஆடுகளை நகர்த்திய அன்றைக்கே உழ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் சாணக் கரைசலை மண்ணுக்குள் கீறி ஊசிபோல இறக்குகிற பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. கந்தக அமிலம் ஊற்றி பி.எச்.-சைக் குறைக்கிற முறையும் டென்மார்க்கில் உண்டு. தத்துவம் ஒன்றுதான், ஆனால் அமில வேலையை நாம் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. கரைசல் நுரைத்துப் பொங்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது ஆளைக் கொல்லும்.

தீவனத்திலும், பரணிலும், கோழிக் கூண்டிலும்

மூத்திரத்தில் யூரியா எவ்வளவு என்பது தொட்டியில் என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கடலைப் புண்ணாக்கில் புரதம் சுமார் 40 சதவீதத்துக்கு மேல். மாட்டுக்குத் தேவைக்கு மேல் ஒரு கிலோ புண்ணாக்கு போட்டால் அதிலிருக்கும் 60 கிராமுக்கும் மேலான தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் மூத்திரமாக வெளியே வந்துவிடும். பாலாக மாறாது. புரதத்தைப் பயன்படுத்த இரைப்பை நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்தும் வேண்டும். மக்காச்சோளம், தவிடு, பசுந்தீவனம் சேர்த்துச் சரிவிகிதமாகக் கொடுத்தால் அதே புண்ணாக்குக்குப் பால் கூடும், நெடி குறையும். தேசியப் பால்வள வாரியம் நடத்திய தீவனச் சரிவிகிதத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். வெறும் வைக்கோலிலும் மேய்ச்சலிலும் ஓடுகிற மாட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அதற்குப் புரதமே போதாது, குறைக்கச் சொன்னால் பாவம்.

பரண்மேல் ஆடு வளர்க்கிறவர்களுக்கு வேறு சிக்கல். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடுவதால் மேலே சுத்தமாக இருக்கும். ஆனால் கீழே சேர்கிற அமோனியா அதே இடுக்கு வழியாகத்தான் ஆட்டின் மூக்குக்கு ஏறும். சளியும் இருமலும் குட்டிகளுக்கு முதலில் வரும். பரணுக்கு அடியில் சரிவு வைத்து மூத்திரம் ஒருபக்கம் ஓடவும், புழுக்கை இன்னொரு பக்கம் தங்கவும் செய்யலாம். இல்லாவிட்டால் கீழே நார்க்கழிவு பரப்பி அடிக்கடி வார வேண்டும். பக்கவாட்டில் நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும்.

கோழி யூரியா விடுவதில்லை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது யூரிக் அமிலம். அது அமோனியாவாக ஈரமும் நுண்ணுயிரும் வேண்டும், காய்ந்திருந்தால் அப்படியே கிடக்கும். அதனால் கோழிப் பண்ணையில் பாதி வேலை தண்ணீர்க் குழாய்க் கசிவைப் பார்ப்பதுதான். ஆழ்கூளத்தை, அதாவது கொட்டகைத் தரையில் தடிமனாகப் பரப்பிய கூளத்தை, கையில் அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டையாகப் பிடித்தால் ஈரம் அதிகம், அந்த இடத்தை வாரிப் புதுக் கூளம் போட வேண்டும். கொட்டகைக் காற்றில் அமோனியா பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கண் எரிகிறது என்றால் அநேகமாகத் தாண்டிவிட்டது.

இவ்வளவும் செய்து தழைச்சத்தைக் காப்பாற்றிய பிறகு கடையில் வாங்குகிற யூரியாவைக் குறைக்காவிட்டால் பயிர் கெடும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குத் தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே தள்ளும், தண்டுத் துளைப்பானும் சாறு உறிஞ்சும் பூச்சியும் கூடும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது: வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால்தான் மேலுரமாக யூரியா தேவை. அந்த யூரியாவும் மேலாகத் தூவினால் அமோனியாவாகப் பறக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். மண்ணில் இருக்கிற அமோனியம், நைட்ரேட் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறுவதை அது மெதுவாக்குமே தவிர, அமோனியா பறப்பதைப் பெரிதாகத் தடுக்காது. எரு எவ்வளவு சத்தாக வந்திருக்கிறது, மூட்டையில் எவ்வளவு குறைக்கலாம் என்று சரியாகத் தெரிய வேண்டுமென்றால், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனையோடு விசாரித்துவிட்டுக் குறையுங்கள்.